கழற்றிப் பூட்டுதல்

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போனால் வாஞ்சிநாதன் சிலை. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டவர். செயல் முழுசாக ஒருவருடையது என்று தோன்றும். நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. சதி வழக்கில் 14 எதிரிகள். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. சுட்டவர் அவரல்ல, ஆனாலும் 7 ஆண்டு சிறை.

இன்னொரு துப்பாக்கி: அமெரிக்காவில் யூஜின் ஸ்டோனர் உருவாக்கிய 'ஸ்டோனர் 63'. நடு உடல் ஒன்றே. ஒரு குழலும் கட்டையும் பூட்டினால் ரைஃபிள். அந்த உடலையே தலைகீழாகத் திருப்பி, வேறு குழலும் தோட்டாப் பட்டையும் மாட்டினால் இலகு இயந்திரத் துப்பாக்கி. வியட்நாமுக்குப் போயிற்று. நம் இன்சாஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. இருந்தும் அதன் ரைஃபிளுக்கும் இலகு இயந்திரத் துப்பாக்கிக்கும் பல பாகங்கள் பொது. திருச்சித் தொழிற்சாலையிலும் அந்த ரைஃபிள் தயாரானது. ஆணி கடைகிறவர் ஆணியைத்தான் கடைகிறார். அது பொய்யல்ல. முழு உண்மையுமல்ல.

சதி என்றால் சிதறிய பாகங்களைப் பூட்டி ஒரே குற்றமாக்குகிறோம். தொழிற்சாலை என்றால் செயலைக் கழற்றிப் பாகங்களாகவே வைத்துக்கொள்கிறோம். சதிகாரனுக்கு நோக்கம் தெரியும், தொழிலாளிக்குத் தெரியாது என்பார்கள். துப்பாக்கி எதற்கென்று தெரியாதவர் யார்? ராணுவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றால், வேண்டியவர்களின் பட்டியல் 14 பேரோடு நிற்காது. வரி கட்டும் என் கையில் இருப்பது எந்தப் பாகம்?