கூட வேலை செய்பவருக்கு நாம் பாரமா, லேசா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும் அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

அன்பிற்குரிய சகோதரர்களே! உத்தரகோசமங்கை, கீழக்கரை, ராமேஸ்வரம் என நம் பகுதியிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சம்பாதிக்கப் போகிறார்கள். அனுப்பும்போது படிப்பைப் பார்க்கிறோம், விசாவைப் பார்க்கிறோம். கூட இருப்பவர்களிடம் இவன் எப்படி நடப்பான் என்று பார்ப்பதில்லை. "வேலையில் கெட்டிக்காரன், வாய்தான் சரியில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். அந்த வாயால் பக்கத்தில் நிற்பவர் தினமும் படும் வேதனைக்கு அல்லாஹ்விடம் கணக்கு இல்லையா?

மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைக்கச் சொன்ன பெண், அவர்களின் பலத்தையும் நம்பகத்தன்மையையும் எடுத்துச் சொன்னார். அல்கஸஸ் அத்தியாயத்தின் இந்த 26-வது வசனத்தை அடிக்கடி பேசுகிறோம். அடுத்த வசனத்தைக் கவனிக்கிறோமா? எட்டு வருட வேலை பேசிய அந்தப் பெரியவர், உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்ற கருத்தையும் சேர்த்தே சொன்னார். வேலையாளுக்குத் திறமையும் அமானிதமும் கடமை என்றால், வேலை வாங்குபவருக்கு இலகுவாக நடப்பது கடமை.

அனஸ் (ரலி) அவர்கள் நபியவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தார்கள். ஒரு தடவைகூட "சீ" என்ற சொல்லைக் கேட்டதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள்.

தவறு நடக்கும்போது

நம் ராமேஸ்வரத்தில் 1931-ல் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் பல மேடைகளில் சொன்ன நிகழ்ச்சி இது. 1979 ஆகஸ்ட் 10 அன்று, அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்களுக்கு இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானே முன்னின்று பதில் சொன்னார். பொறுப்பைத் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18-ல் வெற்றி கிடைத்தது. அன்று பேசுவதற்குக் கலாமை அனுப்பினார்.

இன்முகம் காட்டுவது மட்டும் இலகுவான குணம் ஆகாது. பழியை அடுத்தவர் தலையில் கட்டாமல், பெருமையைப் பங்கிட்டுக் கொடுப்பதும் அதில் சேரும். உஹதில் தோழர்கள் தவறிய பிறகும் அவர்களை மன்னிக்கவும், அவர்களிடமே ஆலோசனை கேட்கவும் அல்லாஹ் தன் தூதருக்குக் கட்டளையிட்டான் (3:159). கடுமை காட்டினால் மக்கள் சிதறிவிடுவார்கள் என்பதையும் அதே வசனம் உணர்த்துகிறது.

எல்லை எது?

அப்படியானால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டுமா? இரண்டு காரியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நபியவர்கள் எளிதானதையே எடுப்பார்கள், அது பாவமாக இல்லாதவரை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதுதான் எல்லை. பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுக்க வேண்டும். மறுப்பதிலும் மரியாதை இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. "அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்" என்று சாதுவான ஒருவர் மீது நம் வேலையையும் சேர்த்து ஏற்றுகிறோம். அது அவருடைய நற்குணத்தைச் சுரண்டும் அநியாயம். இன்றைக்கே அதை இறக்கி வையுங்கள்.

வல்ல ரஹ்மான் நம்மை உறுதியான ஈமானும் இலகுவான குணமும் உள்ளவர்களாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.