சாபமும் மரபணுவும்

நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில், இளவயதினர் உட்படப் பலர் தலைமுறை தலைமுறையாக இரைப்பைப் புற்றுநோயில் மடிந்தார்கள். சாபம் என்றே உறவினர் சிலர் நம்பினார்கள். குடும்பமே முன்வந்து ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து காரணத்தைத் தேடியது. சிடிஎச்1 என்ற மரபணுவில் வழிவழியாக வந்த பழுது என்று 1998இல் விடை கிடைத்தது. தலையெழுத்து உயிரணுவுக்குள் இடம் மாறியது, அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் படித்தவர்களிலேயே நிறைய உண்டு. நான் அதை ஏற்கவில்லை.

இரைப்பையின் உட்படலத்தில் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்தும் ஈ-கேடெரின் என்ற புரதத்தை உண்டாக்குவது இந்த மரபணு. அந்தப் பிடி போனால் உயிரணுக்கள் கட்டியாகத் திரளாமல் ஒவ்வொன்றாகப் பிரிந்து சுவருக்குள்ளேயே பரவும்; எண்டோஸ்கோப்பியில்கூட எளிதில் அகப்படாது. ஆனால் மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான பிரதியைப் பெற்றவருக்கும் மற்றது வேலை செய்துகொண்டிருக்கும். அதுவும் ஓய்ந்தால்தான் நோய் தொடங்கும். பல வேளைகளில் அந்த இரண்டாவது பிரதியில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. அதன் முகப்பில் மீத்தைல் என்ற வேதித் தொகுதிகள் ஒட்டிக்கொண்டு அதை அடக்கிவிடுகின்றன. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி தொற்றியவர்களின் இரைப்பையிலும் இதே மரபணு இப்படி அடக்கப்படுவதையும், கிருமியை மருந்தால் ஒழித்தபின் சிலரிடம் அந்த மீத்தைல் ஒட்டு நீங்குவதையும் கண்டிருக்கிறார்கள். பழுதைச் சுமக்கும் ஆண்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்கு நோய் வரும் என்று 2015இல் மதிப்பிட்டார்கள். 2019இல் அது 42 ஆனது. (நோய் மலிந்த குடும்பங்களையே எண்ணியதில் பழைய கணக்கு வீங்கியிருந்தது.) பிறவியிலேயே எழுதி முடித்த விதி இப்படியா நடந்துகொள்ளும்?

இரண்டாவது பிரதி யாரிடம் ஓயும் என்பது தற்செயல் என்றால், விதி போய்த் தற்செயல் வந்ததில் என்ன ஆறுதல் என்று கேட்கலாம். நீயோ உன் முன்னோரோ என்ன செய்தீர்கள் என்று நோயாளியைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது சாபமும் முன்வினையும்தான். தற்செயல் யார்மீதும் பழி போடுவதில்லை. சாகக் கிடப்பவருக்கு அது சின்ன விஷயமல்ல. வினைதான் மரபணு வழியாக வேலை செய்கிறது என்று ஆன்மிகர் சொன்னால் அதை மறுக்க முடியாது. நடந்து முடிந்த எதற்கும் பொருந்துகிற விளக்கம் அது. ஆனால் அடுத்து யாரைச் சோதிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சோதனையில் பழுது தெரிந்தவர்கள் நோய் வருமுன் இரைப்பையை முழுதாக அகற்றிக்கொள்வதெல்லாம் ஒரு சுதந்திரமா என்ற கேள்வி இன்னும் கடினமானது. கொடிய தேர்வுதான், ஆனாலும் தேர்வு. அந்தக் குடும்பத்தில் பலர் அதைத் தேர்ந்தெடுத்து உயிர் பிழைத்தார்கள்.