படியேற்றும் உரிமை

ஏணி ஒன்று இருக்கிறது. ஏறுவோர் குழந்தைகள், ஏற்றுவோர் பெரியவர்கள். எந்தக் குழந்தை, எந்தப் படியில், எப்போது கால் வைக்கலாம் என்று கூறும் உரிமை யாருக்கு உண்டு? எதனை அளவுகோலாகக் கொண்டு அவர் அதைக் கூறுதல் முறை? ஜிம்னாஸ்டிக்ஸ் என்று உலகம் அழைக்கும் சீருடற்பயிற்சிக் கலையை, அமெரிக்க நாட்டுக் கூடங்களிலே கற்பிக்கும் முறையைப் படித்தபோது நம் நெஞ்சிலே எழுந்த கேள்வி இது. அக்கலை அறிந்தோர் நம்மிலே சிலரே எனினும், குழந்தையை உயர்த்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட எவருக்கும் இக்கேள்வி உரியதுதான்.

அங்கே பெண்குழந்தைகளுக்கு 4 கருவிகள்: தாண்டுமேசை, உயரம் மாறிய இரட்டைக் கம்பி, சமநிலைக் கட்டை, தரைப்பயிற்சி. படிகள் 10. முதல் 5 படிகளிலே, அனைவருக்கும் ஒரே கோவை. கையசைவு முதற்கொண்டு வகுத்து வைக்கப்பட்டது. 6 முதல் 10 வரை, விதியின் எல்லைக்குள்ளே அவரவர் தமக்கென அமைத்துக்கொள்ளும் கோவை. அதற்கும் மேலே, நாட்டின் சார்பாக உலக மேடை ஏறுவோர். கருவிக்கு 10 மதிப்பெண்ணாக மொத்தம் 40. சில படிகளைக் கடக்க இவ்வளவு மதிப்பெண் வேண்டும், இவ்வளவு வயது நிரம்ப வேண்டும் என விதிகள் உண்டு. ஆனால் அவை கீழெல்லை மட்டுமே. அந்த எல்லையைக் கடந்த பின்னரும் ஏற்றுவதா, நிறுத்துவதா என்று முடிவு கட்டுவோர், கூடத்தை நடத்துவோரும் பயிற்சியாளருமே.

பள்ளியிலே பாடம் சொல்லும் நமக்கு இதிலே ஒரு வியப்பு. பள்ளியில் ஆண்டு திரும்பினால் பெரும்பாலும் வகுப்பும் மாறும். கூடத்திலோ, ஆண்டுகளை எண்ணிப் பயனில்லை. 'கிப்' என்றொரு வித்தை. கம்பியைப் பற்றித் தொங்கி, முன்னே வீசி, கால்களைக் கம்பியருகே கொணர்ந்து, ஒரே வீச்சில் உடலைக் கம்பிக்கு மேலே கொண்டு நிறுத்துவது. நான்காம் படியின் கோவையில் அது உண்டு. மாதக் கணக்கிலே முயன்றும் அது கைகூடாமல் கண்ணீர் விடும் சிறுமியர் பலர். இரக்கமற்ற முறை என்று தோன்றும். ஆனால், கணக்கிலே தவறினால் தாளிலே சிவப்புக் கோடு. கம்பியிலே தவறினால் எலும்பிலே முறிவு! ஆகவே, தகுதி கண்டு ஏற்றுக என்பது மெத்தச் சரியான விதியே.

அந்த விதி செம்மையாக இயங்கும் இடத்தைக் காண வேண்டுமானால், சமநிலைக் கட்டையைப் பாருங்கள். நீளம் 5 மீட்டர், அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர். நம் கையகலமே உள்ள அந்தக் கட்டையின்மீது ஒரு சிறுமி கரணமடிக்கிறாள் என்றால், முதல் நாளே அவளை அங்கே ஏற்றிவிட்டார்களா? இல்லை. முதலில் தரையிலே கிழித்த கோடு. கோட்டின்மீது பிசகாமல் செய்தபின், தரையை ஒட்டிய தாழ்ந்த கட்டை. அதன்பின், மெத்தைகள் அடுக்கிய உயர்ந்த கட்டை. அருகிலே பயிற்சியாளரின் தாங்கும் கை. பின்னர் மெத்தை குறைகிறது; கை விலகுகிறது; குழந்தை தனித்து நிற்கிறது. படி என்பதன் பொருள் இதுவே. அச்சத்தை அடித்து விரட்டாமல், அது தானே கரையும்வரை காத்திருக்கும் அறிவு!

இத்தனை அழகிய முறைக்குள்ளும் இரு அநீதிகள் நுழைந்துவிடுகின்றன.

ஒன்று, அவசரம். அண்டை வீட்டுக் குழந்தை ஆறாம் படியில், நம் குழந்தை இன்னும் நான்கிலா என்று பெற்றோர் துடிக்கின்றனர். குழந்தையின் எலும்போ போட்டி அறியாது. மணிக்கட்டு எலும்பிலே, வளர்ச்சி நடைபெறும் மென்மையான முனை உண்டு. கைகளையே கால்களாக்கி உடலைத் தாங்கும் இக்கலையிலே, அந்த முனை ஓயாத அழுத்தத்தால் நலிவதுண்டு. திடீரென்று உயரம் கூடும் பருவத்திலோ, நேற்றுவரை எளிதாக வந்த வித்தையும் இன்று நழுவும். உடலின் அளவே மாறிவிட்டதன் விளைவு அது. சோம்பல் என்று குழந்தையைக் கடிந்துகொள்வது அறியாமை.

அவசரம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? சோவியத் நாட்டின் எலெனா முகினா, 1978-இல் உலக வாகை சூடியவர். முறிந்த கால் முற்றும் தேறுமுன்னே, 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கை எதிர்நோக்கிக் கடும் பயிற்சியில் ஈடுபடுத்தப்பட்டார். ஆபத்தான கரணம் ஒன்றைப் பயிலும்போது கழுத்து முறிந்தது. 2006-இல் மறையும்வரை, கை கால் செயலற்ற வாழ்வு. அந்தக் கரணம் பின்னர் பெண்களுக்குத் தடை செய்யப்பட்டது. உலகையே வென்ற 20 வயது மங்கையின் அச்சத்துக்கே மதிப்பில்லை என்றால், 9 வயதுச் சிறுமி, "எனக்கு இன்னும் இயலாது" என்று எவரிடம் சொல்வாள்? எண்ணிப் பாருங்கள்!

மற்றொன்று, தடுத்து வைத்தல். இது நுட்பமானது, அக்கறை என்ற ஆடை அணிந்து வருவது. ஐந்தாம் படிக்கு உரிய குழந்தையை நான்கிலேயே இன்னும் ஓராண்டு நிறுத்தினால், அதே கோவையை மீண்டும் ஆடி, புதிதாக வந்தோரை எளிதில் வென்றுவிடும். கூடத்தின் பேழையிலே கோப்பைகள் குவியும், கோப்பையைக் கண்டு புதிய பெற்றோர் வருவர், வருவாய் பெருகும். 'மணல்மூட்டை கட்டுதல்' என்று அங்கே இதற்குப் பட்டப்பெயரே உண்டு. வென்ற குழந்தைக்கு ஓராண்டு வளர்ச்சி போயிற்று. தோற்ற குழந்தைக்கு நியாயமான போட்டி போயிற்று.

"வெற்றி கண்டால் குழந்தைக்கு ஊக்கம் பிறக்குமே!" என்பர் சிலர். பிறக்கட்டும். ஆனால், தன்னால் இயன்றதை ஓராண்டு முன்பே முடித்துவிட்ட குழந்தை, அந்த வெற்றியிலே எதைக் கற்றது? "பயிற்சியாளர் காண்பதைப் பெற்றோர் காண இயலுமோ?" என்பர் வேறு சிலர். இது கனமான வாதம். தோள் தளர்வதையும் முழங்கால் மடங்குவதையும் பழகிய கண்ணே காணும். முடிவு அவரிடமே இருக்கட்டும். காரணத்தை மட்டும் அவர் மறைத்து வைத்தல் ஆகாது.

அங்கேதான் அளவுகோல் கிடைக்கிறது. "என்ன குறைகிறது? எப்படி நிறைப்பது?" என்று குழந்தை கேட்டால், அதற்குப் புரியும் சொல்லிலே விடை வர வேண்டும். "கை இன்னும் வலுப்பட வேண்டும், இந்தப் பயிற்சியை நாள்தோறும் செய்" என்பது விடை. காரணம் குழந்தையின் உடலிலும் உள்ளத்திலும் இருந்தால், ஏற்றுவதும் நிறுத்துவதும் அறம். காரணம் கோப்பையிலோ, பணப்பையிலோ, பெற்றோரின் பெருமையிலோ இருந்தால், இரண்டும் அநீதியே.

குழந்தையின் குரலும் அவையேற வேண்டும். பிரிட்டனில் இக்கலையின் பயிற்சிமுறை குறித்து 2022-இல் வெளிவந்த வைட் அறிக்கை, அடங்கிக் கிடந்த குரல்களைக் கேட்டபின் எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, டோக்கியோவிலே, காற்றில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தவறுவதைக் கண்ட சிமோன் பைல்ஸ், உலகமே பார்த்திருக்க, போட்டியின் நடுவே விலகினார். மீண்டும் வந்து, 2024-இல் பாரிசிலே பொன் வென்றார். "இன்று இயலாது" என்று கூறியதால் அவர் தாழ்ந்து போகவில்லை!

உஸ்பெக் நாட்டு ஒக்சானா சுசோவிதினா, டோக்கியோவிலே தமது எட்டாவது ஒலிம்பிக்கில் தாண்டினார். அப்போது அவருக்கு வயது 46. அத்துணை நீண்ட பாதையிலே, ஒரு படி ஓராண்டு பிந்துவது பெரிதன்று. ஏன் பிந்தியது என்பதே பெரிது.

படியை எண்ணிக் குழந்தையை மதிப்போர், ஏணியைப் பார்க்கின்றனர். ஏறுகின்ற காலைப் பார்ப்பதில்லை. கற்பிக்கும் நாம், குழந்தையை மேலே அனுப்புமுன்னும், கீழே நிறுத்துமுன்னும், "இது யாருக்காக?" என்று நம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வோம். குழந்தையின் முகம் பார்த்து அதற்கு விடை சொல்ல முடியுமானால், அந்த முடிவை எடுக்கும் உரிமை நமக்கு உண்டு.