கொடையும் நீதியும்: ஸ்குவாஷ் ஆட்டத்தை முன்வைத்து

வசதி படைத்தவர்களின் விளையாட்டொன்றை ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது நன்மையா? விளையாட்டைக் கற்றுக்கொடுப்பதில் என்ன தீமை இருக்கப்போகிறது என்று உடனே திருப்பிக் கேட்கத் தோன்றும். ஆனால் அமெரிக்க நகரங்களில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு முயற்சியைப் பற்றி வாசிக்க வாசிக்க, கொடைக்கும் நீதிக்கும் இடையிலான பழைய பிணக்கு இதற்குள்ளும் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

1996இல் பொஸ்டன் நகரில், தொழில்முறை ஸ்குவாஷ் வீரராக இருந்த கிரெக் சாஃப் 'ஸ்குவாஷ்பஸ்டர்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1999இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் 'ஸ்ட்ரீட்ஸ்குவாஷ்', 2002இல் பிரொங்ஸ் பகுதியில் 'சிட்டிஸ்குவாஷ்', 2005இல் சிக்காகோவில் 'மெட்ரோஸ்குவாஷ்' என்று இவ்வகை அமைப்புகள் பெருகின. பின்னர் ஒரு தேசியக் கூட்டமைப்பாகவும் இணைந்தன. ஏற்பாடு எளிமையானது. வருமானம் குறைந்த, பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் குடும்பங்களைச் சேர்ந்த பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பாடசாலை விட்டதும் வருகிறார்கள். பாதி நேரம் மட்டையும் பந்தும். மீதி நேரம் மேசையும் புத்தகமும். வார இறுதியில் போட்டிகள், விடுமுறையில் முகாம்கள், பல்கலைக்கழகங்களைப் பார்த்துவரப் பயணங்கள். பிள்ளை பல்கலைக்கழகம் புகும் வரையிலும், அதற்குப் பின்னரும்கூட, அவ்வமைப்பு அதன் கையை விடுவதில்லை.

ஏன் ஸ்குவாஷ்? கிரிக்கெட்டை எந்த ஒழுங்கையிலும் ஆடலாம். ஸ்குவாஷுக்கு நான்கு சுவர்களும் மரத்தளமும் வேண்டும். 9.75 மீற்றர் நீளமும் 6.4 மீற்றர் அகலமும் கொண்ட அந்த அறைக்குள் இருவரே ஆடலாம். இவ்வளவு இடத்தை இரண்டு பேருக்காக ஒதுக்கக்கூடியவர்களிடம்தான் இந்த ஆட்டம் வளர்ந்தது. இதன் வரலாறு விசித்திரமானது. இதற்கு முன்னோடியான 'ராக்கெட்ஸ்' ஆட்டத்தை 18ஆம் நூற்றாண்டில் இலண்டனின் சிறைகளில், கடனைத் தீர்க்க முடியாமல் அடைபட்டிருந்தவர்கள் சுவரில் பந்தடித்து ஆடினார்கள். அது செல்வந்தப் பிள்ளைகள் படித்த ஹரோ பாடசாலைக்குப் போய், 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஸ்குவாஷாக மாறியது. அங்கிருந்து கழகங்களுக்கும் இராணுவ முகாம்களுக்கும் பரவியது. கடனாளியின் பொழுதுபோக்கு கனவானின் அடையாளமாயிற்று.

அந்தக் கழகங்களுள் ஒன்று பெஷாவரில் இருந்தது. பிரித்தானிய இராணுவ அதிகாரிகள் ஆடிய அந்தக் களத்துக்குக் கூரையில்லை. வெளியே வந்து விழும் பந்துகளைப் பொறுக்கிக் கொடுக்கும் சிறுவனாக அங்கே இருந்தவர் ஹாஷிம் கான். அதிகாரிகள் ஓய்வெடுக்கப் போன வேளைகளில் வெறுங்காலோடு தனியே ஆடிப் பழகினார். 1951இல் பிரித்தானிய திறந்த சுற்றுப்போட்டியில் வென்ற அவர், அந்தப் பட்டத்தை மொத்தம் ஏழு முறை பெற்றார். இக்கதையை நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் ஹாஷிம் கான் வென்றதால் அந்தக் கழகம் நீதியானதாக ஆகிவிடவில்லை. அவரோடு பந்து பொறுக்கிய ஏனைய சிறுவர்களை நாம் நினைப்பதுமில்லை. வெற்றிக் கதைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் சங்கடம் இதுதான்.

அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. அங்குள்ள பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் விளையாட்டு வீரர்களுக்கு அனுமதியில் முன்னுரிமை கொடுக்கின்றன. ஹாவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிரான வழக்கு 2018இல் விசாரிக்கப்பட்டபோது, பயிற்றுநர்கள் தெரிவுசெய்த வீரர்களுள் ஏறத்தாழ 86 வீதமானோருக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது தெரியவந்தது. 2019இல், பயிற்றுநர்களுக்குக் கையூட்டுக் கொடுத்துத் தம் பிள்ளைகளை விளையாட்டு வீரர்களாகக் காட்டிய பெற்றோர்கள் பிடிபட்டார்கள். 2023இல், அனுமதியின்போது இனத்தைக் கருத்திற்கொள்வது அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீரர்களுக்கான முன்னுரிமையை அத்தீர்ப்பு தொடவில்லை. ஆக, ஹார்லெம் சிறுமியின் கையிலுள்ள மட்டை ஒரு கதவின் திறவுகோலாகவும் இருக்கிறது.

இங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. அந்தத் திறவுகோலின் பெறுமதி, அது பலரிடம் இல்லாதிருப்பதில் தங்கியுள்ளது. நாட்டின் எல்லாப் பிள்ளைகளும் நன்றாக ஸ்குவாஷ் ஆடத் தொடங்கினால் அது எவருக்கும் கதவைத் திறக்காது. எல்லோருக்கும் கொடுத்தால் இல்லாமற் போய்விடும் ஒரு நன்மையை நீதி என்று அழைக்க முடியுமா? என்னால் முடியவில்லை.

ஆயினும் இம்முயற்சிகளை இந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஏனெனில் அங்கே மேசையும் இருக்கிறது. மேசையில் கிடைப்பது வேறுவகையான நன்மை. ஒரு பிள்ளை கணிதம் விளங்கிக்கொள்வதால் இன்னொரு பிள்ளையின் கணிதம் குறைந்துவிடாது. தன் பெயரையறிந்த, தான் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்கிற வளர்ந்த ஒருவர் ஆண்டுக்கணக்காக அருகில் இருப்பதும் அப்படியே. அதை எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் தேயாது. மட்டையும் பந்தும்கூட வெறும் திறவுகோலல்ல. வியர்க்க வியர்க்க ஆடுவதிலுள்ள மகிழ்ச்சி எந்தப் பிள்ளைக்கும் உரிமையானது. அதற்குப் பயன் கற்பிக்க வேண்டியதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை விளையாடும்போது எதற்காக விளையாடுகிறாய் என்று நாம் கேட்பதில்லை. ஏழைப் பிள்ளையின் விளையாட்டு மட்டும் பெறுபேறுகளால் தன்னை நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இத்தகைய ஏற்பாடுகள் ஒழுங்கான வரவை எதிர்பார்க்கின்றன. வந்தால்தான் பயனுண்டு என்பதும் உண்மையே. ஆனால் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கவேண்டிய பிள்ளையால் ஒழுங்காக வரமுடியாது. உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளையே முதலில் விடுபட்டுப் போகக்கூடும். யார் வென்றார்கள் என்பதைப் போலவே யார் இடையில் நின்றார்கள் என்பதையும் எண்ணிப்பார்க்கும் அமைப்புக்கே என் மதிப்பு அதிகம்.

அப்படியாயின், பாடசாலைகள் சீராகட்டும், அதுவரை இத்தகைய சிறு உதவிகள் வேண்டாம் என்று சொல்லலாமா? அப்படிச் சொல்பவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். சீர்திருத்தத்துக்குத் தலைமுறைகள் பிடிக்கலாம். பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாக ஏழே ஆண்டுகள் போதும். நீதி பிந்தி வந்தாலும் வரவேற்போம்; ஆனால் அதற்குள் கடந்துபோன பிள்ளைப் பருவத்தை அது திருப்பித் தராது.

ஆகவே ஸ்குவாஷையும் கல்வியையும் இணைக்கும் இம்முயற்சிகளை ஆதரிக்கவேண்டும் என்றே நான் சொல்வேன். கொடுப்பவர்களிடம் எனக்கு ஒரேயொரு எதிர்பார்ப்பு உண்டு. ஒரு பிள்ளைக்குச் செய்த நன்மையை, மற்றப் பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் அநீதியைத் தீர்த்துவிட்டதற்கான பற்றுச்சீட்டாக அவர்கள் நீட்டக்கூடாது. மாலையில் மேசையருகே அமர்ந்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பவர், காலையில் அந்தப் பிள்ளை படிக்கும் பாடசாலையில் ஏன் போதிய ஆசிரியர் இல்லை என்றும் கேட்கவேண்டும். முதலாவதைச் செய்பவருக்கே இரண்டாவதைக் கேட்கும் தகுதி அதிகம். அந்தப் பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியுமல்லவா?