பாற்பல்லும் சமுதாய அறமும்

மூன்று வயதுப் பாலகன் ஒருவன் பல்வலியால் இரவெல்லாம் அழுகின்றான். குற்றவாளி யார்? இனிப்புப் பானம் நிரம்பிய போத்தலை வாயில் வைத்து அவனை உறங்கவைத்த தாயே என்று உடனே தீர்ப்பு வழங்குவோர் பலர். விழுந்து முளைக்கும் பல்தானே என்று அலட்சியம் செய்வோரும் உளர். இவ்விரு கூற்றுகளையும் நாம் ஏற்பதற்கில்லை.

வாயிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்படையை அரிக்கின்றது. இது இரசாயனம். ஆனால், அவ்வரிப்பு ஏழையின் குழந்தையையே அதிகம் தேடிச் செல்வது இரசாயனமன்று. அது சமுதாய அமைப்பின் விளைவு.

ஸ்கொட்லாந்தின் அனுபவத்தை நோக்குவோம். குடிநீரில் புளோரைட்டுச் சேர்க்கப் பிராந்திய சபைக்குச் சட்டம் அதிகாரம் அளிக்கவில்லை என 1983இல் அங்கு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003இல், பாடசாலையிற் புகும் ஐந்து வயதுப் பிள்ளைகளில் வெளிப்படையான பற்சிதைவு இல்லாதோர் 45 சதவீதத்தினரே. 2006இல் 'சைல்ட்ஸ்மைல்' திட்டம் தொடங்கிற்று. பாலர் பாடசாலைகளில் ஆசிரியர் மேற்பார்வையில் புளோரைட்டுப் பற்பசைகொண்டு நாள்தோறும் பல் துலக்குதல், வீடுகளுக்கு இலவசத் தூரிகையும் பசையும், வறிய பகுதிக் குழந்தைகளுக்கு ஆண்டில் இருமுறை புளோரைட்டுப் பூச்சு என அது விரிந்தது. 2020இல் சிதைவற்றோர் ஏறத்தாழ 74 சதவீதத்தினராயினர்.

"இது பெற்றோர் கடமை, அரசு தலையிடுவது சுதந்திரத்துக்கு ஊறு" என்பர் சிலர். யாருடைய சுதந்திரம்? பெற்றோரின் சம்மதம் பெற்றே இப்பணி நடைபெறுகின்றது. தன் உணவைத் தானே தேர்ந்துகொள்ள இயலாத சிசுவுக்கோ, வலியின்றி உறங்குவதே முதற் சுதந்திரம். இரவுவேலை முடிந்து களைத்து மீளும் தாயிடம் முழுப் பொறுப்பையும் சுமத்திவிட்டு, அவள் தவறும்போது விரல் நீட்டுவது அறமாகாது. அறிவுரை கூறுவது எளிது. அவ்வறிவுரைப்படி வாழும் வசதியை உண்டாக்குவதே கடினம். பின்னதைச் செய்யாத சமுதாயத்துக்கு முன்னதைச் செய்யும் தகுதி ஏது?

ஆயினும் நாம் மயங்கிவிடலாகாது. செல்வர் வட்டாரத்துக்கும் வறியோர் வட்டாரத்துக்கும் இடையிலான வேறுபாடு அங்கு இன்னும் அழியவில்லை. தூரிகை பல்லைத் துலக்கும், வறுமையைத் துலக்காது. எனினும் வறுமை ஒழியும் நாள்வரை குழந்தை வலியோடு காத்திருக்க வேண்டுமென்பதும் கொடுமையே. இன்றைய நிவாரணத்தையும் நாளைய மாற்றத்தையும் ஒருங்கே நாடுவதே நேர்மையான நெறி. அந்நெறியின் முதற்பாடம் பாலர் வகுப்பிலேயே தொடங்கலாம்.