கிணறு மேற்கோள் காட்டாது

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? வேப்பஞ்சேலை கட்டி வலம் வருகிறவர்கள், பொங்கல் வைக்கிறவர்கள், மொட்டை போட்டுக்கொள்கிறவர்கள் என்று ஊர் திணறும். பக்கத்திலேயே ஆரணி ஆறு. ஆந்திரப் பக்கத்து மலைகளில் பிறந்து பழவேற்காட்டுப் பக்கம் போய்ச் சேருகிற ஆறு. ஆறு என்றுதான் பெயர். வருஷத்தில் பாதி நாள் மணல்தான் கண்ணில் படும். குளிக்கவும் குடிக்கவும் நம்பியிருப்பது மண்ணுக்குக் கீழே இருக்கிற தண்ணீரை.

அந்தத் தண்ணீருக்கு ஒரு கதை இருக்கிறது. ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் பாய்கிற இந்த வட்டாரத்தில், 1960-களில் ஐ.நா. உதவியோடு நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். பிறகு தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று ஆழ்குழாய்க் கிணறுகளை வரிசையாகப் போட்டுச் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். விவசாயிகளும் எடுத்தார்கள், தொழிற்சாலைகளும் எடுத்தன. எடுத்த அளவுக்கு மழை திருப்பித் தரவில்லை. மீஞ்சூர் பக்கம் கடல்நீர் பூமிக்கடியில் உள்ளே நுழைந்துவிட்டது. ஒரு தடவை உப்பாகிப் போன நிலத்தடி நீர் நல்ல தண்ணீராகத் திரும்ப ஒரு தலைமுறை போதாது.

இதே ஆரணி ஆற்றில், பாலேஸ்வரத்தில் ஒரு தடுப்பணை இருக்கிறது. 2010 வாக்கில் கட்டினார்கள். தடுப்பணை கட்டினால் பக்கத்துக் கிணறுகளுக்கு உண்மையிலேயே தண்ணீர் ஊறுகிறதா, எவ்வளவு தூரத்துக்கு, உப்பு குறைகிறதா? அண்ணா பல்கலைக்கழக நிலவியல் துறையின் பேராசிரியர் எல். இளங்கோவும் அவருடைய குழுவினரும் இதைக் கிணறு கிணறாக அளந்தார்கள். அளவு நாடாவை இறக்கி நீர்மட்டம் பார்ப்பது, பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போய்ப் பரிசோதிப்பது, அடுத்த மழைக்குப் பிறகு மறுபடி வந்து அதே கிணற்றில் நாடாவை இறக்குவது. அணைக்கு அருகில் மட்டம் ஏறியது, உப்புத்தன்மை குறைந்தது என்று எழுதினார்கள். கேட்க ஒன்றும் பிரமாதமாக இல்லை அல்லவா? ஆனால் அடுத்த தடுப்பணையை எங்கே கட்டுவது, கட்டலாமா என்று முடிவெடுக்கிற இன்ஜினீயருக்கு வேண்டியது இதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட வேலைக்கு எத்தனை மார்க்?

மார்க் என்றதும் சிரிக்காதீர்கள். விஞ்ஞானிகளுக்கும் மார்க் உண்டு. எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை மற்ற விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரையில் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுவார்கள். இதன் மூலபுருஷர் யூஜின் கார்ஃபீல்டு என்கிற அமெரிக்கர். அவருக்கு இந்த யோசனை வந்த இடம் சுவாரஸ்யமானது. அமெரிக்க வக்கீல்களிடம் 1873-லிருந்து ஒரு புத்தகம் உண்டு. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த தீர்ப்புகள் எங்கெங்கே எடுத்துக்காட்டியிருக்கின்றன, அது இன்னும் செல்லுமா செல்லாதா என்று அதில் தேடிப் பார்க்கலாம். அதே மாதிரி விஞ்ஞானத்துக்கும் ஒன்று வேண்டும் என்று 1955-ல் எழுதினார். 1964-ல் 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வந்தது. தேடுவதற்காக வந்த புத்தகம். ஆளை எடைபோடுவதற்கு அல்ல.

எடைபோட வந்தது 2005-ல். ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் 'ஹெச்-இண்டெக்ஸ்' என்று ஒன்றைச் சொன்னார். உங்கள் கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் ஹெச் 20. ஒரே ஒரு கட்டுரை எழுதி அதை ஐயாயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் ஹெச் 1-தான். ஓர் ஆளை ஒரே எண்ணில் அடக்க முடியாது என்று அந்தக் கட்டுரையிலேயே ஹிர்ஷ் எச்சரித்திருந்தார். யார் கேட்டார்கள்? 2020-ல் அவரே, இது மோசமான பின்விளைவுகளைத் தரக்கூடும் என்று நொந்துபோய் எழுதினார். அதற்குள் உலகம் முழுக்க வேலைக்கான விண்ணப்பங்களில் ஹெச் உட்கார்ந்துவிட்டது.

நம் ஊரிலும் உட்கார்ந்தது. 2010-ல் யுஜிசி கல்லூரி ஆசிரியர்களுக்குப் புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்கத்துக்கு இத்தனை. உடனே பணம் கட்டினால் எதையும் அச்சிடும் பத்திரிகைகள் காளான்களாக முளைத்தன. அவற்றை வடிகட்ட ஒரு பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலையும் 2025-ல் கைவிட்டார்கள். இன்னொரு பக்கம் 'ஸ்டான்ஃபோர்டு லிஸ்ட்'. உலகின் முதல் 2 சதவிகித விஞ்ஞானிகளில் எங்கள் பேராசிரியர் என்று கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் பேனர். அந்தப் பட்டியலைத் தயாரித்த அயோன்னிடிஸ், தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டதைக் கழித்தால் எவ்வளவு என்று தனியாக ஒரு பத்தி போட்டிருக்கிறார். பேனரில் அந்தப் பத்திக்கு இடம் இருப்பதில்லை!

நான் காமர்ஸ் படித்தவன். நாலு கம்பெனிகள் தங்களுக்குள்ளேயே பில் போட்டுக்கொண்டு விற்றுமுதலை ஏற்றுவது எப்படி என்று கணக்குப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். சரக்கு கிடங்கைவிட்டு நகரவே நகராது, விற்பனை மட்டும் கோடிக்கணக்கில் இருக்கும். ஒருவர் கட்டுரையை ஒருவர் மாற்றி மாற்றி மேற்கோள் காட்டுவதும் அதே வித்தைதான். ஆனால் திருட்டுத்தனம் செய்கிறவர்களைப் பற்றி நான் பேச வரவில்லை. திருடனைப் பிடிக்க ஆள் இருக்கிறது. நேர்மையானவர்களை இந்தக் கணக்கு என்ன செய்கிறது என்பதுதான் என் கவலை.

இளங்கோ நிறைய எழுதியவர், நிறைய மேற்கோள் காட்டப்பட்டவர். அவருக்காக நான் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. இன்று ஆராய்ச்சியில் சேருகிற இருபத்து நான்கு வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். சுற்றுச்சூழல் அறிவியல் படித்திருக்கிறாள். அவள் முன்னால் இரண்டு வழி.

ஒன்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிணற்று நீரை எடுத்து அளப்பது. ஒரு மழைக்காலம் பார்த்தால் போதாது. இரண்டு, மூன்று வேண்டும். கிணற்றுக்காரர் விடவேண்டும், தொழிற்சாலைக்காரர் முறைக்காமல் இருக்கவேண்டும். எல்லாம் முடித்து எழுதி அனுப்பினால் வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து பதில் வரும்: 'உள்ளூர் விஷயமாக இருக்கிறது, எங்கள் வாசகர்களுக்கு உதவாது.'

இன்னொன்று, ஏ.சி. லேபில் உட்கார்ந்து தேங்காய் ஓட்டைக் கரியாக்குவது. காய்ச்சி வடித்த தண்ணீரில் அவளே ஈயத்தைக் கரைத்து, அவளே கரியைப் போட்டு, அவளே ஈயத்தை உறிஞ்சி எடுப்பாள். 95 சதவிகிதம் நீங்கியது, ஒரு கட்டுரை. அடுத்து வேர்க்கடலைத் தோல். அடுத்து வேப்பிலைப் பொடி. ஈயத்துக்குப் பதில் காட்மியம், காட்மியத்துக்குப் பதில் சாயம். இதே வேலையை உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் செய்கிறார்கள். ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியே ஆக வேண்டும், ஆகவே ஹெச் ஜம்மென்று ஏறும். பெரியபாளையத்தில் ஆடி மாதம் அம்மனுக்குச் சாத்துகிற வேப்பிலையை எல்லாம் கொடுத்தாலும் இவர்களுக்குப் போதாது. நிஜ ஆலையின் நிஜக் கழிவுநீர்த் தொட்டிக்கு இந்தக் கரி எத்தனை தடவை போயிருக்கிறது என்று மட்டும் கேட்கக்கூடாது.

அந்தப் பெண்ணுக்கு நீங்கள் அப்பாவாக, அண்ணனாக இருந்தால் எந்த வழியைச் சொல்வீர்கள்? அவள் ஏமாற்றவே வேண்டாம். கெட்டிக்காரியாக, குடும்பப் பொறுப்புள்ளவளாக இருந்தாலே போதும், கரியைத்தான் தேர்ந்தெடுப்பாள். கிணற்று வேலையைப் பயன்படுத்துகிறவர் விவசாயி, பஞ்சாயத்துத் தலைவர், குடிநீர் வாரிய இன்ஜினீயர். இவர்கள் யாரும் கட்டுரை எழுதமாட்டார்கள், ஆகையால் மேற்கோளும் காட்டமாட்டார்கள். கட்டுரையைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதுகிறவரை மட்டும் எண்ணுகிற கணக்கு இது. சமையல்காரரின் சமையலுக்கு மற்ற சமையல்காரர்கள் மட்டும் மார்க் போடுவது மாதிரி. பந்தியில் உட்கார்ந்தவனுக்கு ஓட்டு கிடையாது.

கால அளவையும் பாருங்கள். 'இம்பாக்ட் ஃபேக்டர்' என்று பத்திரிகைகளுக்கு ஓர் எண் இருக்கிறது. கடந்த இரண்டு வருஷத்துக் கட்டுரைகளை இந்த வருஷம் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்கிற சராசரி. இரண்டு வருஷம் என்பது இரண்டு வடகிழக்குப் பருவமழை. அதில் ஒன்று பொய்த்தால் ஆரணி ஆற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருக்காது.

சார்லஸ் கீலிங் என்று ஒருவர். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-லிருந்து காற்றில் உள்ள கரியமில வாயுவை அளந்தவர். தினம் தினம் அதே வேலை. 1964-ல் நிதியை வெட்டினார்கள். சில மாதங்கள் அளவே இல்லை, அந்த ஓட்டை இன்றும் வரைபடத்தில் இருக்கிறது. பிறகு, இது ஆராய்ச்சியே அல்ல, வெறும் வாடிக்கை வேலை என்றார்கள். வருஷத்துக்கு இரண்டு கண்டுபிடிப்புகளுக்கு உத்தரவாதம் தரச் சொன்னார்களாம், அவருடைய மகன் பின்னாளில் எழுதியிருக்கிறார். பத்து லட்சத்துக்கு 315 என்று ஆரம்பித்த அளவு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பூமி சூடாவதைப் பற்றி உலகம் பேசுகிற எல்லாப் பேச்சுக்கும் அடியில் அந்த வாடிக்கை வேலைதான் இருக்கிறது. நம் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் வருஷத்துக்கு நாலு தடவை கிணற்றில் நாடா இறக்குகிற ஊழியர் செய்வதும் அதே ஜாதி வேலை. அவருக்கு ஹெச் எத்தனை என்று யாரும் கேட்டதில்லை, நல்லவேளை.

'அப்படியானால் எண்களைத் தூக்கிக் குப்பையில் போடு' என்கிறீர்களா? நானும் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவேன். ஆனால் எண் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது? 'நம்ம பையன்' இருந்தது. 'யார் வீட்டுப் பெண்?' இருந்தது. இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்து, விண்ணப்பத்தைத் திறக்காமலேயே முடிவு செய்கிற பழக்கம் இருந்தது. சிபாரிசுக்கு ஆள் இல்லாத, குடும்பத்தில் முதல் பட்டதாரியான ஒருத்திக்கு அந்த எண்தான் ஒரே வக்கீல். 'சார், என் கட்டுரையை இத்தனை பேர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்' என்று அவளால் சொல்ல முடியும். அதை யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எண்ணைப் பிடுங்கிவிட்டு 'பெரியவர்கள் பார்த்துத் தீர்மானிக்கட்டும்' என்றால், எந்தப் பெரியவர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றுகிறது.

'சமூகப் பயனையும் அளந்துவிட்டால் போச்சு' என்பது இன்னொரு வாதம். பிரிட்டனில் செய்தார்கள். 2014-ல் பல்கலைக்கழகங்களை மதிப்பிட்டபோது, ஆராய்ச்சியால் வெளி உலகத்துக்கு என்ன பயன் என்பதற்கு 20 சதவிகித மார்க். ஏழாயிரத்தை நெருங்கிய எண்ணிக்கையில் வெற்றிக் கதைகள் வந்து குவிந்தன. அந்தக் கதைகளை எழுதித் தரவே தனி ஆட்கள் வைக்க வேண்டியதாயிற்று. சரி, அதுகூடப் பரவாயில்லை. சுற்றுச்சூழல் விஞ்ஞானியின் ஆகச் சிறந்த வெற்றி என்ன? 'இங்கே போர் போடாதே' என்கிறார், போடவில்லை. 'இந்தக் கழிவை இங்கே கொட்டாதே' என்கிறார், கொட்டவில்லை. விளைவு? கிணறு உப்பாகவில்லை, குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறவில்லை. நடக்காத விஷயத்துக்கு வவுச்சர் எங்கே இருக்கிறது? தொழிற்சாலைக்காரர், 'இவரால் எனக்கு இத்தனை கோடி நஷ்டம், நல்ல மனிதர்' என்று சர்டிபிகேட் கொடுப்பாரா?

2015-ல் 'லெய்டன் அறிக்கை' என்று ஒன்று வந்தது. ஆராய்ச்சியை அளக்கிற துறையிலேயே இருக்கிறவர்கள் எழுதியது. எண் துணைக்கு இருக்கட்டும், தீர்ப்பை மனிதர்கள் சொல்லட்டும் என்பது அதன் முதல் விதி. உள்ளூருக்கு வேண்டிய நல்ல ஆராய்ச்சியைக் காப்பாற்றுங்கள் என்று தனியாக ஒரு விதியும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது. அதை நம் தேர்வுக் குழுக்கள் இப்படிப் படிக்கலாம்: வந்தவரிடம் அறுபது கட்டுரைப் பட்டியலை வாங்காமல், அவருக்கே பிடித்த நாலு கட்டுரையை மட்டும் வாங்குவது. வாங்கி - இதுதான் கஷ்டம் - படிப்பது. படித்துவிட்டு, 'இந்தக் கிணறுகள் எங்கே இருக்கின்றன, கடைசியாக எப்போது போனீர்கள்?' என்று கேட்பது. எண்ணிப் பார்க்கிறவருக்கு ஐந்து நிமிஷம் போதும், படிக்கிறவருக்கு ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை எண்களும் வந்தன என்பது என் சந்தேகம்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த வட்டாரத்து நீரைப் பற்றி வந்த ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி ஆங்கிலப் பத்திரிகைகளில்தான். பலவற்றைப் பணம் கட்டித்தான் திறக்க வேண்டும். கிணற்றுக்குச் சொந்தக்காரர் படிக்கிற மாதிரி தமிழில் ஒரு பக்கம் எழுதி, 'ஐயா, உங்கள் கிணற்றில் இது இருக்கிறது, சமையலுக்கு எடுக்காதீர்கள்' என்று கையில் கொடுத்தால் அதற்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை. ஒரு கட்டம் போடச் சொல்லலாம். போட்டால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும்: மறுமாதமே ஆளாளுக்குப் பத்துத் துண்டுப் பிரசுரம் அடிப்பார்கள், பெரியபாளையம் பஸ் ஸ்டாண்டில் விநியோகிக்கிற மாதிரி போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள். அடிக்கட்டுமே. பத்தில் ஒன்றாவது கிணற்றுக்காரர் கைக்குப் போய்ச் சேருமில்லையா? தேங்காய் ஓட்டுக் கரி அந்த அளவுக்குக்கூட இந்தப் பக்கம் வரவில்லை.