பக்கத்து இலை

மூணாற்றிலிருந்து சித்தூருக்குப் படிக்க வரும் பெண் கேரளத்திலிருந்து கேரளத்துக்குத்தான் வருகிறாள். ஆனால் வழி என்னவோ மறையூர், சின்னாறு தாண்டி உடுமலை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. கோபாலபுரத்தில் மறுபடி எல்லையைக் கடந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காட்டு மாவட்டத்துக்குள் நுழைகிறது. சோகநாசினி ஆற்றங்கரையில் 1947இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழுக்கென்று தனித் துறை உண்டு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்து தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை.

அப்படி வந்த ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். விடுதியில் அவளுக்கு முதல் சனி, ஞாயிறு. பக்கத்து ஊர்க்காரிகள் வெள்ளிக்கிழமையே ‘மெஸ் கட்’ எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மலையேறித் திரும்ப இரண்டு நாள் போதாதவர்கள்தான் மிச்சம். சனிக்கிழமை என்.எஸ்.எஸ். பிள்ளைகளோடு சேர்ந்து வளாகத்தில் புல் செதுக்கியாயிற்று. துணி துவைத்தாயிற்று. சீனியர் ஒருத்தியிடம் மலையாளத்தில் பேசப்போய்த் திக்கியும் ஆயிற்று. ஞாயிறு மதியம் மட்ட அரிசிச் சோறு, மோர், பப்படம், மீன் கறி. தட்டோடு போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் தன் தட்டை ஒரு சாண் அப்பால் நகர்த்திக்கொண்டாள்.

அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டு முடிக்கும் வரை இவள் மனசில் ஒரே கேள்வி: அவள் நகர்ந்தது மீனுக்காகவா, எனக்காகவா?

சேர்ந்து தங்குவது அவள் மலைக்குப் புதிதல்ல. இடுக்கியின் முதுவான் குடிகளில் மணமாகாத பையன்கள் ஒன்றாக உறங்கத் தனிச் சாவடி இருந்தது. பெண்பிள்ளைகளுக்கும் தனி வீடு இருந்தது. ஆனால் அங்கே படுத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே குடி, சொந்தபந்தம். யார் எவர் என்று தெரியாத ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அந்தச் சிக்கல் தமிழ்நாட்டு அரசியலையே ஒருமுறை புரட்டிப்போட்டது. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. தேசிய உணர்வோடு தமிழ்ப் பிள்ளைகளை வளர்க்கும் பள்ளி என்று காங்கிரஸ் நிதி கொடுத்தது. செட்டிநாட்டிலிருந்தும் பணம் வந்தது. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும், பெற்றோர் கேட்டுக்கொண்டதால், தனிச் சாப்பாடு. செய்தி வெளியே வந்ததும் காங்கிரஸ்காரர்களான வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராமசாமியும் (பெரியார்) பிடித்துக்கொண்டார்கள். காந்தி 1925 மார்ச்சில் சென்னைக்கு வந்தபோது ஒரு நடுவழி சொன்னார்: இப்போது இருக்கிற இருவர் விஷயத்தில் பெற்றோர் மனத்தைப் புண்படுத்த வேண்டாம், இனிமேல் தனிச் சாப்பாடு கேட்பவர்களைச் சேர்க்கவும் வேண்டாம். இரு தரப்புக்கும் அது பிடிக்கவில்லை. அந்த ஜூன் மாதமே ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். அந்தக் கோபத்துக்கு விறகு அடுக்கிய இடங்களில் குருகுலத்துச் சாப்பாட்டுக்கூடமும் ஒன்று.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. அந்த அடுப்படியில் சமைத்தவரும் பிராமணரே. அங்கே மீனும் இல்லை, கறியும் இல்லை. ஆசாரம் என்பது உணவைப் பற்றியதாக இருந்திருந்தால், அந்த இரு பையன்களுக்கும் பந்தியில் உட்காரத் தடையே இருந்திருக்காது. இலையில் விழுந்ததில் குறையில்லை. பக்கத்து இலையில் யார் என்பதுதான் பிரச்சினை. ‘சுத்தம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களுக்குப் போர்வையாகிவிட்டது. அதனால்தான் காந்தியின் நடுவழியும் நிற்கவில்லை. நாக்கின் நோன்புக்குக் காட்ட வேண்டிய மரியாதையை அவர் பந்தியின் பாகுபாட்டுக்குக் காட்டச் சொன்னார்.

அதே ஆண்டுகளில் பாலக்காட்டிலேயே இதற்கு இன்னொரு பதில் நடந்துகொண்டிருந்தது. கல்பாத்திப் பக்கத்துத் தமிழ்ப் பிராமணரான டி.ஆர்.கிருஷ்ணஸ்வாமி ஐயர் 1923இல் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தைத் தொடங்கினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தங்கிப் படிக்க, ஒரே வரிசையில் சாப்பிட ஓர் இடம். சொந்தச் சமூகம் அவரை ஒதுக்கிவைத்தது. மனைவி ஈஸ்வரி அம்மாள் கூடவே நின்றார். மறு ஆண்டு, 1924இல், சில மைல் தள்ளி கல்பாத்தித் தேர்த் திருவிழாவில் ஈழவர்கள் அக்கிரகாரத் தெருவில் நடக்கவே கூடாது என்று கலகம் மூண்டது. அதை நினைத்துப் பார்த்தால்தான் கிருஷ்ணஸ்வாமி ஐயர் எதை எதிர்த்து அடுப்பு மூட்டினார் என்பது புரியும். காந்தி மூன்று முறை அந்த ஆசிரமத்துக்கு வந்தார். சாரஸ்வத பிராமணரான ஆனந்த ஷேணாய் என்ற இளைஞர் அங்கே பணியாற்றினார். பிறகு நாராயண குருவின் சீடராகி ஆனந்த தீர்த்தர் ஆனார். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பாலக்காட்டிலிருந்து பய்யன்னூருக்கு அணி நடத்திப் போனவரும் இதே கிருஷ்ணஸ்வாமி ஐயர்தான். ஆனாலும் அவர் செய்த பெரிய சத்தியாக்கிரகம் எது என்று கேட்டால், தினமும் போட்ட அந்தப் பந்தி என்றே சொல்லத் தோன்றுகிறது.

அவருக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1917 மே 29 அன்று கேரளத்தின் செறாயில் சீர்திருத்தவாதி கே.அய்யப்பன் ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்காரவைத்தார். பரிமாறியது விருந்தொன்றுமில்லை, பலாக்கொட்டையும் கடலையும் சேர்த்த மெழுக்குப்புரட்டி. அதற்கே ஊர் அவரைப் ‘புலையன் அய்யப்பன்’ என்றது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

சரி, மீன் நாற்றம் உண்மையிலேயே ஒருத்திக்குக் குமட்டினால்? அதையும் சாதி என்று எழுதிவிடலாமா? கூடாது. தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டில் புழங்காத வாசனை உடம்புக்கு அந்நியமாகத்தான் இருக்கும். அந்த உடம்பை அப்படிப் பழக்கியதில் சாதிக்கும் பங்கு உண்டு என்பது வேறு. பதினெட்டு வயதுப் பெண்ணின் வயிற்றை அதற்காகத் தண்டிப்பது வேறு.

இந்த இடத்தில் வள்ளலார் கைகொடுக்கிறார். புலால் மறுப்பில் அவர் அளவுக்குக் கறாரானவர்கள் குறைவு. புலால் உண்பவர்களைப் புற இனத்தார் என்றே பிரித்தார். சன்மார்க்கத்தின் உள்ளே சேர்க்கவில்லை. ஆனால் 1867 மே 23 அன்று வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டியபோது, பசியோடு வருபவர் யாராக இருந்தாலும் சோறு உண்டு என்றார். சீக்கியர்களின் பொதுப் பந்தியான லங்கரிலும் சைவ உணவுதான். யார் வந்தாலும் தயங்காமல் உட்கார அதுவே வசதி என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் அந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. 2023 ஜனவரியில் கோழிக்கோட்டில் கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவம் நடந்தபோது, சாப்பாட்டுக்கூடத்தில் ஏன் சைவம் மட்டும் என்ற கேள்வி எழுந்தது. பல ஆண்டுகளாகச் சமைத்துவந்த பழயிடம் மோகனன் நம்பூதிரி மனம் நொந்து விலகுவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் அவரே வந்து சமைத்தார், சைவமே. லங்கரில் யாரையும் விடாமல் சேர்க்கும் அதே சைவம், இங்கே மீன் தின்னும் பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு ‘உன் வீட்டுச் சாப்பாடு பொதுவுக்கு ஆகாது’ என்பதாகக் கேட்டது. உணவு ஒன்றே; அது சொல்லும் சேதி இடத்துக்கு இடம் மாறுகிறது.

ஐ.ஐ.டி.க்களில் இன்னும் பச்சையாக நடந்தது. 2018இல் சென்னை ஐ.ஐ.டி. மெஸ் ஒன்றில் சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் வேறு வேறு கைகழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கூச்சல் எழுந்ததும் எடுத்தார்கள். தனிப் பாத்திரம், தனிக் கரண்டி கேட்பதில் நியாயம் உண்டு. கை கழுவும் தண்ணீரில் எந்த மீன் நீந்துகிறது? 2023இல் பம்பாய் ஐ.ஐ.டி. விடுதியில் சில மேசைகளைச் சைவர்களுக்கென்றே ஒதுக்கினார்கள். எதிர்த்து அங்கே உட்கார்ந்து அசைவம் சாப்பிட்ட மாணவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம்.

கேரளத்து விடுதிகளுக்கு இதைவிடப் பழைய பழக்கம் ஒன்று தெரியும். கார்த்திகையில் மாலை போட்ட பையன், ரமலானில் நோன்பு பிடிப்பவன், கிறிஸ்தவர்களின் ஐம்பது நோன்பில் இறைச்சியைத் தொடாதவள் எல்லாரும் ஒரே மெஸ்ஸில்தான். விரதம் தன் தட்டைக் கட்டும். பக்கத்துத் தட்டுக்கு அது சட்டம் போடுவதில்லை. ‘சாமி’க்குத் தனியாக ரசம் எடுத்துவைக்கும் சமையல்கார அக்காவுக்கு இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எந்தத் தத்துவப் புத்தகமும் தேவைப்படவில்லை.

ஞாயிறு இரவு ஊருக்குப் போனவர்கள் திரும்புகிறார்கள். அறைத் தரையில் செய்தித்தாள் விரித்து டப்பாக்கள் திறக்கின்றன: வத்தல், கொண்டாட்டம், உண்ணியப்பம், யார் வீட்டு அலமாரியிலிருந்தோ வந்த பிளம் கேக். மதியம் தட்டை நகர்த்தியவளும் வட்டத்தில் வந்து உட்கார்ந்தாள், மூணாற்றுக்காரிக்குச் சரியாகப் பக்கத்தில். கேக்கைக் காட்டிக் கேட்டாள்:

“இதுல முட்டை இருக்கா?”

“இருக்கும்னுதான் தோணுது. நீ உண்ணியப்பம் எடுத்துக்கோ.”